ஒரே தீவுக்கு மூன்று பெயர்: அண்டார்க்டிகாவில் எது அதிகாரப்பூர்வமானது?

அண்டார்க்டிகாவின் வரைபடம் ஒன்றைத் தமிழில் தயாரித்து வருவதாகவும், தெற்கு ஷெட்லாந்துத் தீவுகளிலுள்ள ஒரே தீவு மூன்று வரைபடங்களில் மூன்று பெயரோடு இருப்பதைப் பார்த்துக் குழம்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எது அதிகாரப்பூர்வமான பெயர், ஐ.நா. ஏன் ஒரே பெயரை அறிவித்துவிடக் கூடாது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளாத நிலத்தில் ஒரு பெயரைச் 'சரி' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது ஒன்று. அச்சுக்குப் போகவேண்டிய வரைபடத்தில் எதைப் போடுவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை சின்னது: அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது.

துருவப் பகுதி வரைபடங்களுக்கு இடப்பெயர்ப் பட்டியல் தயாரிப்பதும், பல நாடுகளின் பட்டியல்களை ஒன்றோடொன்று வைத்துச் சரிபார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பனியில் நான் கால் வைத்ததில்லை. சட்டம் படித்தவனும் இல்லை. அதனால் ஒப்பந்தங்களைப் பற்றி நான் சொல்வதை ஒரு வரைபடக்காரனின் புரிதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், இருப்பிடம், பட்டியல் பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்துக் கற்றது.

நீங்கள் குறிப்பிட்ட தீவிலிருந்தே தொடங்கலாம். பிரிட்டிஷ் வரைபடங்களில் அது கிங் ஜார்ஜ் தீவு. 1819-இல் வில்லியம் ஸ்மித் இந்தத் தீவுக்கூட்டத்தைக் கண்ட பிறகு, அன்றைய பிரிட்டிஷ் அரசரின் பெயர் அதற்கு வந்தது. 1821-இல் ரஷ்யக் கடற்படைத் தளபதி பெல்லிங்ஸ்ஹவுசன் அந்த வழியாக வந்தபோது, நெப்போலியனுக்கு எதிரான போர்களின் நினைவாக ஒவ்வொரு தீவுக்கும் பெயர் வைத்துக்கொண்டே போனார். கிங் ஜார்ஜ் அவருக்கு வாட்டர்லூ ஆயிற்று, லிவிங்ஸ்டன் தீவு ஸ்மோலென்ஸ்க், ஸ்மித் தீவு போரோடினோ, கிரீனிச் தீவு பெரெசினா. ரஷ்ய வரைபடங்களில் வாட்டர்லூவை இன்றும் பார்க்கலாம். அர்ஜென்டினாவுக்கு அதே தீவு 'மே 25 தீவு'. 1810-இல் புவெனஸ் ஐரஸில் நடந்த மே புரட்சியின் நாள் அது. சிலிக்காரர்கள் ஆங்கிலப் பெயரையே ஸ்பானியத்தில் மாற்றி 'இஸ்லா ரே ஹோர்ஹே' என்கிறார்கள். ஆக உங்கள் கணக்கில் ஒன்று குறைகிறது, நான்கு பெயர்கள். நான்கும் அந்தந்த நாட்டில் முறைப்படி ஏற்கப்பட்டவை. எதையும் தவறு என்று தள்ள முடியாது.

ஐ.நா. பற்றிக் கேட்டீர்கள். இடப்பெயர்களைத் தரப்படுத்த அங்கே ஒரு வல்லுநர் குழு உண்டு. முதல் மாநாடு 1967-இல் ஜெனிவாவில் நடந்தது. ஆனால் அந்தக் குழு தானாக எந்த ஊருக்கும் பெயர் வைப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் இருக்கும் பெயர்களைத் தானே முடிவு செய்யட்டும், மற்ற நாடுகள் அதை மதித்து எழுதட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எல்லையும் ஆட்சியும் தெளிவாக இருக்கும் இடத்தில் இது அழகாக வேலை செய்யும். அண்டார்க்டிகாவில் அந்த முதல் படியே கிடையாது. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் என ஏழு நாடுகள் அங்கே நிலம் கோரியிருக்கின்றன. அவற்றில் மூன்று நாடுகளின் கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அமெரிக்காவும் ரஷ்யாவும் யாருடைய கோரிக்கையையும் ஏற்கவில்லை. 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்டு 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் ஒப்பந்தம், தன் நான்காவது பிரிவில் இந்தக் கோரிக்கைகளை எல்லாம் அப்படியே உறையவைத்துவிட்டது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அங்கே செய்யும் எந்தச் செயலும் நில உரிமைக்கு ஆதாரமாகாது. ஒரு மலைக்குப் பெயர் வைப்பதும் அப்படிப்பட்ட செயல்தான் என்பது என் புரிதல்.

உறுதியாகத் தெரிவதையும் ஊகத்தையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கா அண்டார்க்டிகப் பெயர்களுக்கென்று தனிக்குழு அமைத்தது 1943-இல். பிரிட்டனின் குழு 1945-இல் வந்தது. பிரிட்டன் ரகசியமாகத் தன் ஆட்களை அங்கே அனுப்பித் தளங்கள் அமைத்த டபாரின் நடவடிக்கை நடந்ததும் 1943 முதல் 1945 வரையில்தான். இந்த ஆண்டுகள் உறுதி. பெயர்க் குழுக்கள் நில உரிமைப் போட்டியின் கருவியாகவே தோன்றின என்பது இந்த ஆண்டுகளை அடுக்கிப் பார்த்துச் சொல்லும் ஊகம். அதில் பாதி உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். மறுபாதி, கப்பல் ஓட்டுபவருக்கும் விமானம் ஓட்டுபவருக்கும் நம்பகமான வரைபடம் தேவைப்பட்டது என்ற சாதாரணக் காரணம்.

இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்டார்க்டிக் தீபகற்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவை நோக்கி நீளும் அந்தக் கை போன்ற நிலத்தை எந்த வரைபடத்திலும் தவறவிட முடியாது. 1832-இல் ஜான் பிஸ்கோ வைத்த பெயரைத் தொடர்ந்து பிரிட்டன் அதைக் கிரஹாம் லேண்ட் என்றது. அன்றைய பிரிட்டிஷ் கடற்படை அமைச்சரின் பெயர் அது. அமெரிக்கா, சீல் வேட்டைக்கு வந்த நத்தானியல் பால்மரின் பெயரால் பால்மர் தீபகற்பம் என்றது. சிலிக்கு அது ஓ'ஹிக்கின்ஸ் நிலம். அர்ஜென்டினாவுக்கு சான் மார்ட்டின் நிலம். இருவரும் தங்கள் விடுதலை நாயகர்களின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். 1964-இல் பிரிட்டிஷ், அமெரிக்கப் பெயர்க் குழுக்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. முழுத் தீபகற்பத்துக்கும் யார் பெயரும் வேண்டாம், அண்டார்க்டிக் தீபகற்பம் என்றே இருக்கட்டும்; வடபாதி கிரஹாம் லேண்ட், தென்பாதி பால்மர் லேண்ட். ஜெரமி முனையிலிருந்து அகாசிஸ் முனைக்கு இழுத்த கோடு இரண்டையும் பிரிக்கிறது. நான் பார்த்த பெயர்ச் சமரசங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். யாரும் தோற்கவில்லை, வரைபடமும் தெளிவாகிவிட்டது.

கண்டவரின் பெயரே நிலைக்கட்டும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றும். யார் முதலில் கண்டார் என்பதே முடியாத வழக்கு. 1820 ஜனவரி கடைசியில், சில நாள் இடைவெளியில், பெல்லிங்ஸ்ஹவுசன் ஒரு பக்கமும் பிரிட்டனின் எட்வர்ட் பிரான்ஸ்ஃபீல்ட் இன்னொரு பக்கமும் இந்தக் கண்டத்தின் விளிம்பைப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பால்மர் வந்தார். அன்றைய ரஷ்ய நாள்காட்டி வேறு என்பதால் நாள் கணக்கில் ஒரு குழப்பம். பெல்லிங்ஸ்ஹவுசன் கண்டது நிலத்தை மூடிய பனியா, நிலத்தோடு ஒட்டிய மிதக்கும் பனித்தட்டா, அதைப் பார்த்ததை நிலத்தைப் பார்த்ததாகக் கொள்ளலாமா என்பதில் இன்னொரு குழப்பம். முதலில் வந்தவர் வைத்ததே பெயர் என்ற விதியை இப்படிப்பட்ட அடித்தளத்தின்மேல் நிறுத்த முடியாது.

சரி, ஒற்றைப் பெயருக்கு வழியில்லை என்றால் தரப்படுத்துதல் என்று எதைச் சொல்கிறோம்? இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் தரப்படுத்துதல் என்பது, ஓர் இடத்துக்கு இருக்கும் எல்லாப் பெயர்களையும் அந்த ஒரே இடத்தோடு பிசகாமல் கட்டிவைப்பது. 1958-இல் தொடங்கப்பட்ட அண்டார்க்டிக் ஆராய்ச்சிக்கான அறிவியல் குழு, சுருக்கமாக ஸ்கார், இதைத்தான் செய்கிறது. 1990-களில் இத்தாலியர்கள் முன்னின்று, ஒவ்வொரு நாடும் வெளியிட்ட பெயர்ப் பட்டியல்களை வாங்கி ஒரே தொகுப்பாக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. மொத்தப் பெயர்கள் 37,000-க்கும் மேல். அவை குறிக்கும் இடங்களோ ஏறத்தாழ அதில் பாதிதான். ஒவ்வொரு பெயருக்கும் தனி எண் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒரே இடத்தைக் குறிக்கும் பெயர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அடையாள எண்ணும் உண்டு. கிங் ஜார்ஜ், வாட்டர்லூ, மே 25 எல்லாம் அந்தப் பொது எண்ணின் கீழ் வந்து நிற்கும். எந்தப் பெயர் சரி என்று அந்தப் பட்டியல் தீர்ப்புச் சொல்வதில்லை. புதிதாகப் பெயர் வைக்கும்போது ஏற்கெனவே பெயர் உள்ள இடத்துக்கு இன்னொன்று வைக்காதீர்கள் என்று நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், இரண்டு நாடுகளின் பட்டியல்களை இணைத்தபோது அடுத்தடுத்து இரண்டு பனியாறுகள் கிடைத்தன. நான்கு கிலோமீட்டர் இடைவெளி, இரண்டு வேறு பெயர்கள். இரண்டையும் வரைபடத்தில் போட்டுவிட்டேன். பிறகு செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பார்த்தபோது அங்கே இருந்தது ஒரே பனியாறு. ஒரு நாடு அது கடலில் சேரும் வாயை இருப்பிடமாகக் குறித்திருந்தது. இன்னொரு நாடு அதன் நடுப்பகுதியைக் குறித்திருந்தது. இரண்டுமே சரியான குறிப்புகள். தவறு என்னுடையது. அன்றிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை மட்டும் நம்பி இரண்டு பெயர்களைச் சேர்ப்பதுமில்லை, பிரிப்பதுமில்லை. படத்தைப் பார்த்து, பெயரோடு வரும் விளக்கத்தை வரிவரியாகப் படித்து, பிறகே முடிவு செய்கிறேன்.

பழைய பட்டியல்களில் இருப்பிடத்தை பாகை, கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) என்ற அளவோடு நிறுத்தியிருப்பார்கள். அட்சரேகையில் ஒரு கலை என்பது சுமார் 1.85 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 70 பாகைத் தெற்கில் அதே ஒரு கலை 630 மீட்டர்தான், 80 பாகையில் 320 மீட்டர். எண்ணை அருகிலுள்ள கலைக்குத் திருத்தி எழுதினாலே ஒரு சிறிய சிகரம் பக்கத்துச் சிகரத்தின்மேல் போய் உட்கார்ந்துவிடும். இதையும் மீறிய பிழைகள் வான்படங்களால் வந்தவை. 1938-39-இல் ஜெர்மானியர்கள் ராணி மாட் நிலத்தின்மேல் பறந்து ஆயிரக்கணக்கில் படமெடுத்தார்கள். 1946-47-இல் அமெரிக்கக் கடற்படையின் ஹைஜம்ப் நடவடிக்கை கரையோரத்தைச் சுற்றி எழுபதாயிரம் அளவில் படமெடுத்தது. கீழே நின்று அளந்த புள்ளிகள் போதுமான அளவு இல்லாமல் எடுத்த படங்கள் இவை. மலை அழகாகத் தெரியும், அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. ஹைஜம்ப் படங்களுக்கு அளவைப் புள்ளி எடுக்கவே அடுத்த ஆண்டு தனியாக ஒரு பயணம் போகவேண்டி வந்தது. இன்றைக்குச் செயற்கைக்கோள் படங்களும், அவற்றிலிருந்து உருவாக்கிய நுண்ணிய உயர வரைபடங்களும் கையில் இருப்பதால், அந்தக் காலத்துப் பெயர்களைச் சரியான பாறையின்மேல் நகர்த்தி வைக்க முடிகிறது.

இருப்பிடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் போவே தீவை எப்போதும் சொல்வேன். அது ஒப்பந்த எல்லையான 60 பாகைக்கு வடக்கே, 54 பாகைத் தெற்கில் இருக்கிறது. இன்று அது நார்வேயின் நிலம். 1739-இல் பிரெஞ்சு மாலுமி போவே அதைக் கண்டு தவறான இடத்தில் குறித்துவைத்தார். பிறகு வந்த ஜேம்ஸ் குக்கால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1808-இல் மறுபடி யாரோ பார்த்தார்கள். 1825-இல் ஜார்ஜ் நோரிஸ் இறங்கி அதற்கு லிவர்பூல் தீவு என்று புதுப்பெயர் வைத்தார். அருகே இன்னொரு தீவைக் கண்டதாகச் சொல்லி அதற்குத் தாம்ப்சன் என்று பெயரிட்டார். தாம்ப்சன் தீவைப் பிறகு எவரும் கண்டதில்லை. பல பத்தாண்டுகள் அது வரைபடங்களில் மட்டும் இருந்தது. ஆக ஒரு தீவுக்கு இரண்டு பெயர்கள், ஒரு பெயருக்குத் தீவே இல்லை.

கண்டத்துக்குள்ளும் இப்படி உண்டு. 1928 டிசம்பரில் ஹியூபர்ட் வில்கின்ஸ் தீபகற்பத்தின்மேல் விமானத்தில் பறந்து, அது கால்வாய்களால் துண்டுபட்ட தீவுக்கூட்டம் என்று முடிவு செய்தார். கேசி கால்வாய் என்று ஒன்றுக்குப் பெயரும் வைத்தார். 1934 முதல் 1937 வரை ஜான் ரிமில் தலைமையில் போனவர்கள் தரையில் சென்று பார்த்தபோது கால்வாய் எதுவும் இல்லை. தீபகற்பம் ஒரே நிலம். கேசி கால்வாய் கேசி பனியாறு ஆயிற்று. பெயரில் இடத்தைக் குறிக்கும் பகுதி நிலைத்தது, வகையைக் குறிக்கும் பகுதி மாறியது. 1911-இல் நார்வேப் பயணி அமுண்ட்சென் தொலைவில் பார்த்து கார்மென் நிலம் என்று குறித்த பகுதியோ 1929-இல் நேரில் போனபோது இல்லாமலே போயிற்று.

இல்லாத இடத்துக்குப் பெயர் இருந்தது ஒரு பக்கம். இருந்த இடம் போய்விட்டுப் பெயர் மட்டும் நிற்பது இன்னொரு பக்கம். இது இனி அதிகமாகப் போகிறது. 1908-இல் பிரிட்டிஷ் பயணி ஷாக்கில்டன் திமிங்கில விரிகுடா என்று பெயரிட்ட இடத்தில்தான் 1911-இல் அமுண்ட்சென் முகாமிட்டுத் துருவத்துக்குப் புறப்பட்டார். அது ராஸ் பனித்தட்டின் விளிம்பில் இருந்த ஒரு வளைவு. 1987-இல் பி-9 என்ற பிரம்மாண்டமான பனிப்பாறை உடைந்து கிளம்பியபோது விரிகுடாவும் அதோடு போய்விட்டது. 2002-இல் லார்சன்-பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் சிதறியது. இப்படிப்பட்ட பெயர்களை நீக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பழைய பயணக் குறிப்பையோ ஆய்வுக் கட்டுரையையோ படிப்பவர் அந்தப் பெயரைத் தேடி வருவார். 'இப்போது இல்லை' என்று ஆண்டோடு குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்த்துப் பெயர் எடுப்பதாக எழுதியிருந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராஸ் பனித்தட்டுக்குள் பாயும் பனி ஓடைகளை, அதாவது சுற்றியுள்ள பனியைவிட வேகமாக நகரும் பனிப் பட்டைகளை, ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஏ, பி, சி என்று எழுத்துகளால்தான் அழைத்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் அவற்றுக்கு அங்கே உழைத்த பனியியலாளர்களின் பெயர்கள் வந்தன. ஏ மெர்சர் ஆனது, பி வில்லன்ஸ், சி காம்ப், டி பின்ட்ஷாட்லர், ஈ மக்கயீல். பழைய கட்டுரையில் சி பனி ஓடை நின்றுபோய்விட்டது என்று படித்துவிட்டு, புதிய வரைபடத்தில் சி-யைத் தேடினால் கிடைக்காது. காம்ப் என்று தேட வேண்டும்.

பெயர் வைப்பதற்கும் இப்போது விதிகள் உண்டு. முற்காலத்தில் பணம் கொடுத்தவருக்கும் மனைவிக்கும்தான் மலையும் கரையும் போயின. பியர்ட்மோர் பனியாறு ஷாக்கில்டனுக்கு உதவிய தொழிலதிபரின் பெயர். அடேலி நிலமும் மேரி பேர்ட் நிலமும் பயணத் தலைவர்களின் மனைவியர் பெயர்கள். அரசர்களும் தப்பவில்லை. துருவப் பீடபூமிக்கு ஷாக்கில்டன் 1909-இல் ஏழாம் எட்வர்ட் என்று பெயரிட, 1911-இல் அமுண்ட்சென் அதே பீடபூமிக்கு ஏழாம் ஹாகோன் என்று பெயரிட்டார். இன்று பெரும்பாலான வரைபடங்கள் இரண்டு அரசர்களையும் விட்டுவிட்டுத் துருவப் பீடபூமி என்று மட்டும் போடுகின்றன. இப்போதைய அமெரிக்க விதிகள் உறவு, நட்பு, வளர்ப்பு நாய், வணிகப் பொருள் ஆகியவற்றின் பெயரை ஏற்பதில்லை. நிலவடிவம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய பங்களிப்பு செய்தவராக இருக்கவேண்டும் என்று மூன்று படிநிலைகளும் வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் குழு இன்னொரு நல்ல வழியைப் பிடித்தது. ஒரு வட்டாரம் முழுக்க ஒரே துறைக்கு விட்டுவிடுவார்கள். அலெக்சாண்டர் தீவில் மொசார்ட், பீத்தோவன், பாக் என்று இசைமேதைகள் வரிசையாக வருவார்கள். பெயரைக் கேட்டதுமே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வரைபடம் படிப்பவருக்கு இது பெரிய உதவி.

இனி நிலையங்களைச் சுற்றியுள்ள நெரிசல். இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் சோலையைப் பாருங்கள். சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள, பனி மூடாத பாறை மேடு. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். சோலையின் பெயர் 1938-39 ஜெர்மன் பயணத்து விமானியுடையது. அந்த வட்டாரத்தை நார்வே தன் கோரிக்கைக்குள் வைத்திருக்கிறது. ரஷ்யர்கள் 1961 முதல் நொவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருக்கிறார்கள். மைத்ரிக்குத் தண்ணீர் தரும் ஏரி பிரியதர்ஷினி. நான்கு மொழிகளின் கை ஒரே மேட்டில் பட்டிருக்கிறது. தண்ணீர் எடுக்கும் ஏரிக்கு, நடந்துபோகும் வழியிலுள்ள பாறைக்கு, அங்கே குளிர்காலம் முழுவதும் இருப்பவர்கள் பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும். அதை ஆக்கிரமிப்பு என்று நான் நினைப்பதில்லை. வைத்த பெயரைத் துல்லியமான இருப்பிடத்தோடு பொதுப் பட்டியலுக்கு அனுப்பாமல் விட்டுவிடுவதுதான் சிக்கல். இந்த விஷயத்தில் பல்கேரியர்கள் பாராட்டுக்குரியவர்கள். 1990-களில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை, சிரில்லிக் எழுத்திலிருந்து ரோமன் எழுத்துக்கு மாற்ற ஒரே சீரான முறையை வகுத்துக்கொண்டு, இருப்பிடமும் பெயர்க் காரணமும் சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். இத்தனை பெயர் தேவையா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களுடைய பட்டியலில் எந்தப் பெயர் எந்த மலை என்று தடுமாற வேண்டியதில்லை.

ஆர்க்டிக்கையும் இதே வரைபடத்தொகுப்பில் செய்யப்போகிறீர்கள் என்றால் அங்கே கணக்கு முற்றிலும் வேறு. அங்கே காலங்காலமாக மக்கள் வாழ்கிறார்கள், அவர்களிடம் பெயர்கள் இருக்கின்றன. கனடாவின் ஃப்ரோபிஷர் பே என்ற ஊர் 1987-இல் இக்கலுயிட் என்ற தன் இனுயிட் பெயருக்குத் திரும்பியது. அங்கே இனுயிட் பெயரையே முதலில் போடுங்கள். அண்டார்க்டிகாவில் அப்படி மூத்த பெயர் என்று எதுவும் இல்லை.

சரி, உங்கள் வரைபடத்துக்கு வருவோம். நான் செய்வதைச் சொல்கிறேன். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் பொது அடையாள எண்ணை உங்கள் வேலைக் கோப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் எழுதிவையுங்கள். அச்சில் அது வரவேண்டியதில்லை. பிற்பாடு யாராவது பெயரைக் கேள்வி கேட்டால் இடம் எது என்பதில் சந்தேகம் இருக்காது. அடுத்து, எந்த நாட்டின் பெயரை முதன்மையாக எடுக்கிறீர்கள் என்பதை வட்டாரவாரியாக முடிவு செய்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ராணி மாட் நிலத்துக்கு நார்வேயின் பட்டியல், அடேலி நிலத்துக்குப் பிரெஞ்சுப் பட்டியல் என்று நான் எடுப்பேன். தீபகற்பத்துக்கும் ஷெட்லாந்துத் தீவுகளுக்கும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்ததாகத்தான் தெரியும். அங்கே பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கும் பெயரை வரைபடத்தில் போட்டு, மற்றவற்றை அகரவரிசைப் பட்டியலில் தருவது நியாயம்.

பெயரின் வகைப் பகுதியைத் தமிழாக்குங்கள், சிறப்புப் பகுதியை மூல மொழியின் ஒலிப்படி எழுதுங்கள். பனியாறு, பனித்தட்டு, விரிகுடா, முனை, நீரிணை, மலைத்தொடர் எல்லாம் தமிழில் நன்றாகவே இருக்கின்றன. மிதக்கும் பனித்தட்டையும் உடைந்து மிதந்துபோகும் பனிப்பாறையையும் ஒரே சொல்லால் எழுதாதீர்கள். பனிக்கு மேலே தலைநீட்டும் பாறைச் சிகரத்தை கிரீன்லாந்துச் சொல்லான நுனடாக் என்றே உலகம் முழுக்க எழுதுகிறார்கள். அதை அப்படியே வைத்து ஓரத்தில் விளக்கம் கொடுத்துவிடலாம். ஃப்ரெஞ்சுப் பயணி ஷார்கோவை ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சார்காட் ஆக்கிவிடாதீர்கள். நார்வேப் பெயர்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றில் வகைச்சொல் பெயரோடு ஒட்டியே வரும். போவெட்டோயா என்பதிலேயே தீவு இருக்கிறது. போவெட்டோயா தீவு என்றால் தீவு இரண்டு முறை வந்துவிடும். வோல்டாட்மாசிவெட் என்பதில் மலைத்திரளும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒட்டைப் பிரித்து போவே தீவு, வோல்டாட் மலைத்திரள் என்று எழுதலாம்.

நீங்கள் கேட்ட தீவுக்கு நான் வரைபடத்தில் 'கிங் ஜார்ஜ் தீவு' என்று போடுவேன். ஜார்ஜ் அரசர் தீவு என்று மொழிபெயர்க்க மாட்டேன், பட்டியலில் தேடுபவருக்கு அது கிடைக்காமல் போகும். அகரவரிசையில் வாட்டர்லூ, மே 25 தீவு, இஸ்லா ரே ஹோர்ஹே மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் கிங் ஜார்ஜுக்கு வழிகாட்டிவிடுவேன். வரைபடத்தின் ஓரத்தில், பெயர்களை எந்த ஆண்டு, எந்த மாதத்துப் பட்டியலிலிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி எழுதுவேன். பட்டியல் தொடர்ந்து திருத்தப்படுவதால் அந்தத் தேதி இல்லாத வரைபடத்தை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. இரண்டு பெயர்கள் ஒரே இடமா, வேறு வேறா என்று எங்காவது மாட்டிக்கொண்டால், இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் பட்டியலில் உள்ள விளக்க வரியையும் சேர்த்து எழுதுங்கள், படத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.